மகளிர் ஸ்டேஷன்ல பேசி அனுப்பிட்டாங்க, இனி எங்கே போகணும்? (பென்னாகரம் / காவேரிப்பட்டணம்)

குழு_ஊக்குநர்_பென்னாகரம் கேட்டது:

வணக்கம். எங்க மகளிர் குழுவில் இருக்கிற ஒரு தங்கச்சிக்காகக் கேட்கிறேன். அவள் சம்மதத்தோடதான் எழுதறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.

வயசு 25. ரெண்டு பிள்ளைங்க, பெரியவன் ரெண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் பெங்களூருல சென்ட்ரிங் வேலை, பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா ஊருக்கு வருவார். வந்தா குடி, அடி. கல்யாணத்துக்குப் போட்ட எட்டுப் பவுன்ல ஆறு அடகுல இருக்கு. போன வாரம் கழுத்தைப் பிடிச்சு சுவத்தோட அழுத்தியிருக்கார். அவள் மகளிர் ஸ்டேஷனுக்குப் போனாள். ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி அனுப்பிட்டாங்க. கையில ஒரு காகிதமும் இல்லை. இப்போ பிள்ளைங்களோட காவேரிப்பட்டணம் பக்கம் அம்மா வீட்டில் இருக்காள்.

அவள் கேட்கிறது இதுதான். அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், ஆனா இனி கை வைக்கக் கூடாது, பிள்ளைங்க செலவுக்குப் பணம் வரணும். "வீடு மாமனார் பேர்ல இருக்கு, நீயா வெளிய போயிட்ட, இனி உனக்கு ஒண்ணும் கிடையாது"ன்னு மாமியார் வீட்டில் சொல்றாங்க. அது நிஜமா? கேஸ் போடறதுன்னா தருமபுரியா, கிருஷ்ணகிரியா, பெங்களூரா? வக்கீலுக்குக் குடுக்கப் பணம் இல்லை.

செவிலி_தருமபுரி:

சட்டம் தெரிஞ்சவங்க பின்னாடி வந்து சொல்வாங்க. முதல்ல ஒண்ணு. கழுத்தைப் பிடிச்சாருன்னு எழுதியிருக்கீங்களே, அதைச் சாதாரண அடியோட சேர்த்துப் பார்க்காதீங்க.

கழுத்தை நெரிச்சா வெளியில காயமே தெரியாமல் உள்ளே வீங்கலாம், ரத்தக்குழாய் பாதிக்கலாம். அறிகுறி ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுக்கூட வரும். குரல் கம்மறது, எச்சில் முழுங்க வலிக்கிறது, மூச்சு முட்டறது, கண் வெள்ளையில ரத்தப் புள்ளி, தலைசுத்தல், அந்த நேரத்து ஞாபகம் இல்லாமல் போறது, தன்னையறியாமல் சிறுநீர் போனது. இதுல எது இருந்தாலும் இன்னைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல் இருந்தா 108. ஒரு தடவை கழுத்தில் கை வைச்ச ஆள் அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தாகப் போகிற வாய்ப்பு ரொம்ப அதிகம். பிள்ளையைப் பார்க்கணும்னு கூப்பிட்டாருன்னு அவள் தனியாகக் கிளம்பிப் போகக் கூடாது.

ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓ.பி. வரிசையில நிக்க வேண்டாம். அங்கே "கழுத்து வலி"ன்னு சீட்டில் எழுதி மாத்திரை குடுத்து அனுப்பினா அதோட முடிஞ்சது. நேரா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "வீட்டுக்காரர் அடிச்சது, ஏ.ஆர். போடணும்"னு சொல்லணும். ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதால, எங்கெங்கே காயம்னு டாக்டர் அதில் எழுதுவார். பெரும்பாலான கேஸ் கெட்டுப் போறது இந்த இடத்தில்தான். மாமியார் கூட நிக்கிறப்போ டாக்டர் கேட்டா "வழுக்கி விழுந்துட்டேன்"னு வாயில வந்துடும். பதிவேட்டில் அப்படி ஏறிட்டா அதை மாத்தறது பெரிய பாடு. கூட வர்றவங்களை வெளியே நிறுத்தச் சொல்லி அவளே கேட்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில எழுந்து வந்துடக் கூடாது. தகவல் போனதாலேயே வழக்கு பதிவாயிடாது. ஏ.ஆர். நம்பரையும் தேதியையும் குறிச்சு வாங்கிக்கோங்க, பின்னாடி நகல் எடுக்க அது போதும்.

நீலம் மஞ்சளாக மாறின தழும்பையும் போட்டோ எடுங்க. ஒண்ணு முகம் தெரியற மாதிரி தள்ளி நின்று, ஒண்ணு கிட்டத்தில், ஒண்ணு பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைச்சு. காசு இருந்தாத்தான் காயத்தோட அளவு தெரியும்.

வக்கீல்_கிருஷ்ணகிரி:

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஜெயில் வேண்டாம், அடி நிற்கணும், செலவுக்குப் பணம் வரணும் என்றால் அவளுக்குச் சரியான வழி குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நாம் பேச்சில் டி.வி. கேஸ் என்கிறோமே அது. மனு போட்டதற்காக யாரையும் கைது செய்ய மாட்டார்கள். நோட்டீஸ்தான் போகும்.

எங்கே போடுவது: பிரிவு 27படி அவள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கிற இடம், வேலை பார்க்கிற இடம், எதிர்தரப்பு இருக்கிற இடம், சம்பவம் நடந்த இடம், எங்கே வேண்டுமானாலும் போடலாம். இப்போது காவேரிப்பட்டணத்தில் இருப்பதால் கிருஷ்ணகிரியில் போடுங்கள். வாய்தாவுக்கு வாய்தா பிள்ளைகளோடு பென்னாகரம் பக்கம் பஸ் ஏறுவதில் செலவு மட்டும் இல்லை, பஸ் ஸ்டாண்டில் அவரை எதிர்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. உத்தரவு எங்கே வாங்கினாலும் இந்தியா முழுக்கச் செல்லும், பெங்களூருக்கும் சேர்த்து.

யாரிடம் போவது: கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம். அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்டு குடும்ப வன்முறை அறிக்கை எழுதுவார், டி.ஐ.ஆர். என்பார்கள். உடல், பாலியல், வாய்ச்சொல்லும் மனமும், பொருளாதாரம் என்று அதில் நான்கு வகையாகக் கேட்பார்கள். நம் ஊர்ப் பெண்கள் அடியை மட்டும் சொல்லிவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். நகையை அடகு வைத்தது, செலவுக்குத் தராமல் விட்டது, அவள் பேரில் கடன் வாங்கியது எல்லாமே பொருளாதார வன்முறை. அதைச் சொன்னால்தான் பணம் கேட்க வழி பிறக்கும். அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு அலுவலர் லீவு, கூட்டம் என்று நாள் இழுத்தால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டி.ஐ.ஆர். இல்லாமலே நேராக நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் பிரிவு 12 மனு போடலாம், அது கட்டாயமில்லை என்று 2022 மே மாதம் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போடும் நாளில் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில்தான். ஆக "நீயா வெளிய போயிட்ட" என்பது சட்டப்படி ஒன்றுமே இல்லை. வீடு மாமனார் பேரில் இருப்பதைப் பொறுத்தவரை, உறவினர் பேரில் உள்ள வீடும் அவள் மருமகளாக வாழ்ந்த கூட்டுக் குடியிருப்பாக இருக்கலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா தீர்ப்பு சொல்கிறது. அந்த வீட்டில் அவளுக்கு உரிமைப் பங்கு கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. சட்ட நடைமுறை இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது, அவ்வளவுதான். அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை என்றால் பிரிவு 19படி வேறு வீட்டுக்கு வாடகை கேட்கலாம். ஒன்று கவனிக்கணும், மாமியாரை வீட்டை விட்டு வெளியேற்றச் சொல்லிக் கேட்க முடியாது. பெண்களுக்கு எதிராக அந்த உத்தரவு மட்டும் கிடையாது.

மனுவில் கேட்க வேண்டியவை: பிரிவு 18 பாதுகாப்பு உத்தரவு (அடிக்கக் கூடாது, அம்மா வீட்டுக்கும் பையன் பள்ளிக்கும் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது, போனில் மிரட்டக் கூடாது), பிரிவு 20 மாதச் செலவும் மருத்துவச் செலவும், பிரிவு 21 பிள்ளைகள் பொறுப்பு, பிரிவு 22 இழப்பீடு, நகையும் சீரும் திரும்பப் பெற பிரிவு 19(8). இவை எல்லாவற்றையும் விட முக்கியம் பிரிவு 23. முதன்மை மனு முடிய 60 நாள் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் மாதக்கணக்கில் போகும். ஆகவே இடைக்கால உத்தரவு மனுவை அன்றைக்கே சேர்த்துப் போடணும். ஆபத்து இருக்கிறது என்று பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) வைத்தால் எதிர்தரப்பு வருவதற்கு முன்பே நடுவர் உத்தரவிடலாம். ஏ.ஆர். நகல் அந்த இடத்தில்தான் பேசும்.

இன்னொரு காகிதம் சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாண வாக்குமூலம். ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020) தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்சம் கேட்டால் இரு தரப்பும் இதைக் கொடுக்கணும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகணும் என்பதும் அதே தீர்ப்பு. எனவே மனுவை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் ஒரு மாதத் தொகை போச்சு.

வக்கீல் கட்டணம் கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12படி பெண் என்றாலே வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போனில் கேட்க 15100.

குழு_ஊக்குநர்_பென்னாகரம்:

ரொம்ப நன்றிங்க. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குக் காலையில போறோம். ரெண்டு சந்தேகம். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாளே, அது இந்த மனுவைக் கெடுக்குமா? "குடும்பத்துல ஏற்பட்ட சிறு மனஸ்தாபம், இனி புகார் இல்லை"ன்னு எழுதச் சொன்னாங்களாம். அப்புறம், கல்யாணம் நடந்தப்போ அவளுக்குப் பதினேழு வயசுதான். அதைச் சொன்னா அவ அப்பா அம்மா மேல கேஸ் வருமோன்னு பயப்படறா.

மனு_எழுத்தர்:

கெடுக்காது. ஆனா மறைக்கக் கூடாது. எதிர்தரப்பு வக்கீல் முதல் நாளே அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கிட்டு வருவார். மனுவில் நாமே ஒரு பத்தி எழுதிடணும்: இந்தத் தேதி புகார் கொடுத்தேன், விசாரணையில் இனி அடிக்க மாட்டேன் என்று கணவர் ஒப்புக்கொண்டார், அதை நம்பிக் கையெழுத்திட்டேன், ரசீது எதுவும் தரப்படவில்லை. இப்படி வந்தா அந்தக் கடிதமே நமக்குச் சாட்சி. அடிச்சது உண்மை, அதனாலதான் சமாதானம் பேசினாங்க.

குடும்பத் தகராறுல உடனே எஃப்.ஐ.ஆர். போடாமல் முதல்ல விசாரிக்கலாம்னு லலிதா குமாரி வழக்கில் (2013) உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஆகவே கூப்பிட்டுப் பேசினது தப்பில்லை. மனுவை வாங்கிக்கிட்டு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) தராமல் அனுப்பினதுதான் தப்பு. அடுத்த தடவை மனுவை ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல சீலும் தேதியும் வாங்குங்க. வாங்க மறுத்தா எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்ல ஒப்புகை அட்டையோட அனுப்புங்க. பி.என்.எஸ்.எஸ். (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) அதுக்குத்தான் இருக்கு. குற்ற வழக்கு போட அவள் பிறகு முடிவு பண்ணினா, கணவன் வீட்டார் கொடுமைக்கு இப்போ பி.என்.எஸ். (புதுத் தண்டனைச் சட்டம்) பிரிவு 85, மூணு வருஷம் வரை தண்டனை. 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 498ஏ. அடைக்கலம் புகுந்த அம்மா வீட்டு எல்லையிலேயே அந்தப் புகாரைக் கொடுக்கலாம்னு ரூபாலி தேவி தீர்ப்பு (2019) இருக்கு. டி.வி. மனு போட்டதால இந்த வழி அடைபடாது.

மனு எழுதறதுல ஒரு விஷயம். இப்படி எழுதினா ஒண்ணுக்கும் ஆகாது:

"எனது கணவர் அடிக்கடி குடித்துவிட்டு வந்து என்னை உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் கொடுமைப்படுத்தி வருகிறார்."

ஆயிரம் மனுவில் இதே வரி இருக்கு. படிக்கிறவங்க கண்ணு அதைத் தாண்டிப் போயிடும். இப்படி எழுதணும்:

"ஆடி 18 அன்று இரவு சுமார் 9 மணிக்கு, அடுப்படியில், பையனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, குழு லோன் பணம் எங்கே என்று கேட்டு என் கழுத்தை வலது கையால் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். மூச்சு நின்றது. மூத்த பையன் அலறினான். பக்கத்து வீட்டார் வந்து விலக்கினர்."

தேதி ஞாபகம் இல்லேன்னா திருவிழா, அறுவடை, பள்ளி திறந்த வாரம்னு அடையாளம் போதும். இல்லாத தேதியை ஊகிச்சு எழுத வேண்டாம், குறுக்கு விசாரணையில அது ஒண்ணே மொத்த மனுவையும் சாய்ச்சிடும். முதல் சம்பவம், ரொம்ப மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம் மூணையும் விவரமா எழுதுங்க. நடுவில நடந்ததைச் சுருக்கமா வைங்க. நகைக்குக் கல்யாணப் போட்டோவும் அடகு ரசீதும் ஆதாரம். ரசீது அவர்கிட்ட இருந்தா கடை பேர், ஊர், சுமார் தேதியாவது எழுதுங்க.

பதினேழு வயசு விஷயத்துல வயசை மாத்தி மட்டும் எழுதிடாதீங்க. ஆதார், பள்ளிச் சான்று ரெண்டும் அவர்கிட்டயும் இருக்கும்.

வக்கீல்_கிருஷ்ணகிரி:

மேலே சொன்னது சரி. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006படி பதினேழு வயதில் நடந்த கல்யாணம் தானாகச் செல்லாததாகிவிடாது. ரத்து செய்யக் கேட்கிற உரிமை அவளுக்கு மேஜரான பிறகு இரண்டு வருடம் வரை இருந்தது. அந்தக் காலம் கடந்துவிட்டதால் மனைவி என்ற நிலையில் டி.வி. மனு போட எந்தத் தடையும் இல்லை. பெற்றோர் பற்றிய பயம், சிறுவயதில் கர்ப்பம் இருந்ததா என்பது போன்றவற்றை இங்கே எழுத வேண்டாம். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) சம்பந்தப்பட்டது என்பதால், மனுவுக்கு முன்பு சட்டப் பணிகள் வக்கீலிடம் தனியாக உட்கார்ந்து முழுசாகச் சொல்லட்டும். இந்தப் பயத்தால்தான் நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ பெண்கள் வாயைத் திறக்காமலே இருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் வேதனை.

ஓசூர்_ஆலோசகர்:

பெங்களூரு வேலை என்பதால் இந்த வழக்கு எங்கே சிக்கும் என்று சொல்கிறேன். நோட்டீஸில். சென்ட்ரிங் ஆட்கள் சைட் மாறிக்கொண்டே இருப்பார்கள், "பெங்களூரு" என்று மட்டும் முகவரி கொடுத்தால் நோட்டீஸ் திரும்பி வரும், வாய்தா தள்ளும், நாலு மாதம் காணாமல் போகும். பென்னாகரம் வீட்டு முகவரி, இப்போதைய சைட் இருக்கும் ஏரியா, மேஸ்திரி அல்லது கான்ட்ராக்டர் பெயரும் போன் நம்பரும், மூன்றையும் மனுவில் கொடுங்கள். மேஸ்திரி விவரம் இன்னொன்றுக்கும் உதவும். பிரிவு 20(6)படி அவருக்குச் சம்பளம் தர வேண்டியவரே அதில் ஒரு பகுதியை நேராக மனைவிக்கோ நீதிமன்றத்துக்கோ கட்டும்படி நடுவர் உத்தரவிடலாம்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. நாள் கூலி எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள், யு.பி.ஐ.யில் அனுப்பிய பழைய தொகைகள், பைக் தவணை ரசீது, இவை போதும்.

அம்மா வீட்டில் நெருக்கடி வந்தால், அல்லது அண்ணன் "போய் அனுசரிச்சு இரு" என்று தள்ளினால், 181க்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் உண்டு. ஒருங்கிணைந்த சேவை மையம், சகி என்பார்கள், மாவட்டத்தில் இருக்கிறது. ஐந்து நாள் வரை பிள்ளைகளோடு தங்கலாம், ஆலோசனை, போலீஸ், வக்கீல், மருத்துவம் எல்லாம் அங்கிருந்தே. ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு, பையன் வயதை முன்னாலேயே சொல்லிக் கேளுங்கள். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் காப்பகத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். கண்ணெதிரே அடி நடக்கும்போது 181 இல்லை, 112. தெலுங்கோ கன்னடமோ மட்டும் பேசும் பெண் என்றால் மொழி தெரிந்தவர் வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடணும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இது அடிக்கடி விட்டுப் போகிறது, அவள் சொன்னதில் பாதிதான் காகிதத்தில் ஏறுகிறது.

குழு_கணக்கர்:

யாரும் போனைப் பற்றிச் சொல்லலை. சிம் அவர் பேர்ல இருந்தா அவர் எந்நேரமும் டூப்ளிகேட் சிம் வாங்கலாம், ஓ.டி.பி. எல்லாம் அங்கே போகும். அவள் பேர்ல புது சிம் எடுத்து, பேங்க்கிலும் ஆதாரிலும் நம்பர் மாத்துங்க. உரிமைத் தொகை வர்ற கணக்கோட ஏ.டி.எம். கார்டு அவர் பையில இருந்தா பேங்க்கில் சொல்லி அதை முடக்குங்க. பழைய போனையே வைச்சிருந்தா கூகுள் கணக்கு யாரோடது, இருப்பிடம் யாருக்குப் போகுது, வாட்ஸ்அப்ல வேற சாதனம் இணைஞ்சிருக்கா பாருங்க. ஆனா அவர் அனுப்பின மிரட்டல் மெசேஜையும் ஆடியோவையும் அழிக்காதீங்க. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் போனே வேணும்.

குழு லோனும் மைக்ரோ ஃபைனான்ஸும் அவள் பேர்ல எத்தனை, பணம் யார் கைக்குப் போச்சுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. வசூலுக்கு வர்றவங்க அம்மா வீட்டு வாசல்ல வந்து நின்னா, அந்த அவமானத்துக்குப் பயந்தே திரும்பிப் போயிடறாங்க. ஊக்குநரே குழுக் கூட்டத்துல பேசி ரெண்டு மாசத் தவணைக்கு அவகாசம் வாங்கிக் குடுத்தா அது பெரிய உதவி.

பையன் பள்ளி: டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லேன்னு சேர்க்க மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 2009 அப்படித்தான் சொல்லுது. பழைய பள்ளித் தலைமையாசிரியர் இ.எம்.ஐ.எஸ்.ல (பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு) பையன் பேரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிச்சா போதும், புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கும். அப்பா வந்து கேட்டாலும் பையனை அனுப்பக் கூடாதுன்னா, இடைக்கால உத்தரவு நகல் ஒண்ணு தலைமையாசிரியர் கையில இருக்கணும்.

குழு_ஊக்குநர்_பென்னாகரம்:

எல்லாத்தையும் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். ஏ.ஆர். போட்டாச்சு, நம்பர் கையில இருக்கு. திங்கட்கிழமை சமூக நல அலுவலகம் போறோம். உத்தரவு வந்தப்புறம் அவர் மீறினா யார்கிட்ட போகணும்?

வக்கீல்_கிருஷ்ணகிரி:

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கும், அலுவலர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை போங்கள், நிதானமாகப் பேச முடியும்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் பிரிவு 31, ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே போலீஸ் நேராகக் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். பாதுகாப்பு அலுவலரிடமோ ஸ்டேஷனிலோ சொல்லலாம். பணம் கட்டாமல் விட்டால் அது வேறு, அதற்குத் தனியாக நிறைவேற்று மனு போடணும், பாக்கியை ஒரு வருடத்துக்கு மேல் சேரவிடாதீர்கள். உத்தரவு நகல் பிரிவு 24படி இலவசம், ஸ்டேஷனுக்கும் ஒன்று போகும். ஆனால் போயிருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் காவேரிப்பட்டணம் ஸ்டேஷனில் கொடுத்து, இன்னொன்றில் சீல் வாங்கி, அதை அவள் பர்ஸிலேயே வைத்திருக்கட்டும்.